போனவர் மேல் தீராத கோபம்: மன்னிப்பது எப்படி, எப்போது, யாருக்காக?

நெடுவழி எழுதியது:

இறந்தவரை மன்னிப்பது பற்றி இங்கே அடிக்கடி கேள்வி வருகிறது. "போனவரைப் பற்றி இனி பேசி என்ன, விட்டுவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நாமும் நகர்ந்துவிடுகிறோம். எதை விடுவது, எப்படி விடுவது என்று தெரியாமல் கேட்டவருக்கு அந்த ஒரு வரியால் பயனில்லை. அதனால் செய்முறையை மட்டும் பேச ஓர் இழை. துக்க ஆலோசனை, தணிப்பு மருத்துவம் (தீராத நோயின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் பிரிவு), சமயப் பணி, குடும்பச் சமரசம் இவற்றில் இருப்பவர்கள் தங்கள் துறையில் என்ன செய்கிறார்கள், எங்கே தவறிப்போகிறது என்று எழுதுங்கள். சொந்த அனுபவங்களுக்கு வேறு இழைகள் இருக்கின்றன.

நான் தொடங்குகிறேன். மன்னிப்பு வேறு, சமாதானம் வேறு. சமாதானமாக இரண்டு பேர் வேண்டும். மன்னிக்க ஒருவர் போதும். இத்துறையில் நீண்ட காலம் ஆய்வு செய்த ராபர்ட் என்ரைட், எவரெட் வொர்திங்டன் இருவருமே இந்தப் பிரிவை வலியுறுத்துகிறார்கள். நடந்தது சரிதான் என்று ஒப்புக்கொள்வதோ மறப்பதோ மன்னிப்பில் சேராது. எதிரே ஆள் இல்லாமலும் மன்னிக்க முடியும் என்பதால்தான் இறந்தவர் விஷயத்தில் இந்த வேலைக்கு வழியே இருக்கிறது. ஆனால் "ஏன் அப்படிச் செய்தீர்கள்" என்ற கேள்விக்கு இனி பதில் வராது. பதில் கிடைத்த பிறகுதான் மன்னிப்பேன் என்று காத்திருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

வொர்திங்டன் இன்னொரு பிரிவும் சொல்கிறார்: முடிவாக எடுக்கும் மன்னிப்பு, உணர்வில் வரும் மன்னிப்பு. "இனி இதற்காகப் பழி தேட மாட்டேன்" என்று முடிவெடுக்க ஒரு நாள் போதும். உள்ளே கொதிப்பு அடங்குவது மெதுவாக நடக்கும், இடையிடையே திரும்பவும் ஏறும். இது தெரியாததால் "மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன், மறுபடி கோபம் வருகிறதே, நான் பொய் சொன்னேனா" என்று பலர் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். முடிவு உண்மைதான். உணர்வு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவே.

எப்போது தொடங்குவது? இறப்பு நடந்த முதல் சில வாரங்களில் வேண்டாம். அப்போது தூக்கம், சாப்பாடு, மருந்து, முடிக்கவேண்டிய காகித வேலைகள் இவையே முக்கியம். கோபம் வந்தால் அடக்கவும் வேண்டாம், அன்றே தீர்க்கவும் வேண்டாம். ஒரு தாளில் ஒரு வரி குறித்து வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவார், அந்தப் போய்வருதலே நலம் என்று 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் விளக்கினார்கள். மன்னிப்பு வேலை முழுக்க இழப்பின் பக்கம் கிடக்கிறது. அதிலேயே தினமும் உட்கார்ந்தால் மறுபக்கம் வறண்டுபோகும். வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு அரை மணி நேரம் என்று வரம்பு வைப்பது நல்லது.

மழைத்துளி எழுதியது:

ஒரு சந்தேகம் அண்ணா. கோபம்ங்கிறது துக்கத்தோட ஐந்து படிநிலைகள்ல ஒண்ணுன்னு படிச்சிருக்கோம். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. அப்படின்னா காத்திருந்தா தானே கடந்துபோயிடாதா? இதுக்குன்னு தனியா வேலை எதுக்கு?

செங்காந்தள் எழுதியது:

மழைத்துளி, அந்த ஐந்தையும் எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969இல் சொன்னபோது அவர் பேசியது சாகப்போகும் நோயாளிகளோடு. தன் சாவை எதிர்கொள்பவரின் நிலைகள் அவை. பின்னால் உறவை இழந்தவர்களுக்கும் அதையே பொருத்திவிட்டார்கள். படி ஏறுவது போல வரிசையாக யாருக்கும் நடப்பதில்லை. ஒரே நாளில் ஐந்தும் வரலாம், ஒன்றுகூட வராமலும் போகலாம்.

தணிப்புப் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கு வில்லியம் வோர்டன் 1982இல் சொன்ன நான்கு பணிகள்தான் அதிகம் கைகொடுக்கும். இழப்பு உண்மை என்று ஏற்பது, வலியை வலியாகவே பட்டுத் தீர்ப்பது, அவர் இல்லாத உலகத்தில் வேலைகளைப் பழகிக்கொள்வது, அவரோடு ஒரு தொடர்பை வைத்துக்கொண்டே வாழ்வைத் தொடர்வது. "பணி" என்பதால் நாம் செய்யவேண்டியது ஏதோ இருக்கிறது என்று ஆகிறது. நான்காவதை அவர் முதலில் இறந்தவரிடமிருந்து மனதை விலக்கி எடுப்பது என்றுதான் சொல்லியிருந்தார். பிந்தைய பதிப்புகளில் தொடர்பைத் தக்கவைப்பது என்று மாற்றினார். கோபம் பெரும்பாலும் இந்த நான்காவது பணியில்தான் குறுக்கே நிற்கிறது. கோபம் இருக்கும்வரை அவருடைய நல்ல நினைவுகள்கூட மேலே வராது. வந்தால் குற்ற உணர்ச்சி கூடவே வரும்.

நெடுவழி எழுதியது:

செங்காந்தள் சொன்னதோடு சேர்த்து, முதல் வேலை கணக்கெடுப்பு. "அப்பா என்னை மதிக்கவே இல்லை" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அது முடிவுரை. ஒரு தாளை நான்காக மடியுங்கள். முதல் பத்தியில் நடந்தது: இடம், ஆண்டு, யார் என்ன சொன்னார்கள். இரண்டாவதில் அதனால் எனக்குப் போனது என்ன. மூன்றாவதில் அப்போது எனக்கு வேண்டியிருந்தது என்ன. நான்காவதில் அதில் இன்றும் நடந்துகொண்டிருப்பது என்ன. இந்த நான்காவது பத்தியைத்தான் பலர் காலியாக விடுவார்கள், உண்மையில் அதுதான் மிக முக்கியம். பழைய நிகழ்ச்சியின் விளைவு இன்று இல்லையென்றால் அதை மன்னிக்க அதிகம் உழைக்க வேண்டியதில்லை. இன்றும் சம்பளத்திலோ, திருமணத்திலோ, உடம்பிலோ விளைவு இருந்தால் கோபம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

பட்டியலில் பத்துப் பதினைந்து வந்தால் ஒரே காயத்தின் பல வடிவங்களைச் சேர்த்துக் கட்டுங்கள். பெரும்பாலும் மூன்று நாலில் வந்து நிற்கும். அதில் மிகப் பெரியதைக் கையில் எடுக்காதீர்கள். நடுத்தரமான ஒன்றை எடுங்கள். பெரியதிலேயே தொடங்குபவர்கள் இரண்டாம் நாள் தாளை மூடிவிட்டு "எனக்கு மன்னிக்கும் குணம் இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குணத்தில் குறை இல்லை. எடுத்த அளவுதான் தவறு.

மழைத்துளி எழுதியது:

அடுத்து கடிதம் எழுதச் சொல்லுவாங்க இல்லையா, அனுப்பாத கடிதம். எழுதினவங்க நிறைய பேர் சொல்றது, எழுதினா கோபம் இன்னும் ஏறுதுன்னு. அது எதனால?

நெடுவழி எழுதியது:

ஏறுவது இயல்பு, ஓரளவுக்கு. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் செய்த முதல் எழுத்துச் சோதனையில் ஒரு நாளைக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள் எழுதவைத்தார்கள். மனத்தை உலுக்கியதை உணர்ச்சியோடு எழுதியவர்களுக்கு, எழுதி முடித்த உடனே மனநிலை மோசமாகத்தான் இருந்தது. பலன் தெரிந்தது பின்வந்த மாதங்களில், மருத்துவரைத் தேடிப் போவது குறைந்ததில். ஆகவே எழுதிய அன்றைய நிலையை வைத்து முறையை எடைபோடக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. சாதாரணப் போக்கில் துக்கப்படுகிறவர்களுக்கு எழுதுவதால் தனிப் பலன் எதுவும் தெரியவில்லை என்று ஸ்ட்ரோப் குழு 2002இல் வெளியிட்டது. அதனால் துக்கத்தில் இருக்கும் எல்லோர் கையிலும் பேனாவைத் திணிப்பது சரியில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே ஆள் போய்விட்டார் என்று தவிப்பவருக்குத்தான் கடிதம்.

எழுதுவதானால் நாலு அமர்வாகப் பிரியுங்கள். துக்கத்தில் தொடர்ந்து நாலு நாள் என்பது பலருக்குப் பாரம்; அமர்வுக்கு நடுவே இரண்டு மூன்று நாள் விடுங்கள். முதல் அமர்வில் நடந்ததும் அது செய்ததும் மட்டும். "இருந்தாலும் நீங்கள் எனக்கு நல்லதும் செய்தீர்கள்" என்ற வரி அன்று வரக் கூடாது. இரண்டாவதில், நான் உங்களிடம் எதிர்பார்த்தது இது, கிடைக்கவில்லை. மூன்றாவதில் அவர் பக்கம்: அவருடைய வளர்ப்பு, வயது, நோய், பயம், அப்போதைய நெருக்கடி. உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், ஊகத்தால் நிரப்ப வேண்டாம். நான்காவதில், இதற்குமேல் நான் என்ன செய்யப்போகிறேன்.

கெடுவது பெரும்பாலும் வரிசையில்தான். பெரியவர்களை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்தவர்கள் நேராக மூன்றாவதுக்குத் தாவுவார்கள். "பாவம், அவருக்கும் கஷ்டம்" என்று முதல் பக்கத்திலேயே மன்னித்து முடித்துவிடுவார்கள். சில மாதங்கள் கழித்து அதே கோபம் வேறு யார் மேலாவது, பெரும்பாலும் உயிரோடிருக்கும் இன்னொரு பெற்றோர் மேல், இறங்கும். இதற்கு நேர்மாறாக முதல் அமர்விலேயே வாரக்கணக்கில் சுற்றுகிறவர்களும் உண்டு. ஒரே வாக்கியம் ஒரே அமர்வில் மூன்றாம் முறை வந்தால் அது சிந்தனை அல்ல, அரைத்த மாவு. அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி அந்த வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றுங்கள். "நீங்கள் வரவே இல்லை" என்பது "நீங்கள் வந்திருந்தால் அன்று எனக்கு என்ன மாறியிருக்கும்?" என்று ஆகட்டும்.

படுக்கையில் வைத்து எழுத வேண்டாம். தூங்கப் போவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். கைபேசியில் மணி வைத்து 20 நிமிடத்தில் நிறுத்துங்கள், வாக்கியம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை. பிறகு முகம் கழுவி, கையால் செய்கிற ஏதாவது ஒரு வேலை அரை மணி நேரம். எழுதும்போது உடம்பு நடுங்கினால், மூச்சு முட்டினால், நடந்தது இப்போதே மறுபடி நடப்பது போல் இருந்தால் அந்த முறையையே விட்டுவிடுங்கள். அது அதிர்ச்சியின் அறிகுறி. பயிற்சி பெற்றவர் துணையில்லாமல் அதில் இறங்கக் கூடாது.

இறந்தவர் பதில் எழுதுவது போல எழுதிப் பார்க்கச் சொல்வார்கள் சிலர். அன்பும் தவறும் கலந்த மனிதருக்கு அது பலன் தரும். கொடுமைக்காரராக இருந்தவருக்குப் பதில் எழுதினால் பதிலும் அவர் குரலிலேயே வந்து விழும். எதிரே காலி நாற்காலியில் அவர் இருப்பதாக எண்ணிப் பேசும் வெற்று நாற்காலி முறைக்கும் இதே எச்சரிக்கை. முடிவுறாத உறவுச் சிக்கலுக்கு அந்த முறை உதவுகிறது என்று 1995இல் பைவியோவும் கிரீன்பெர்க்கும் காட்டினார்கள். ஆனால் அது சிகிச்சையாளர் கூடவே இருந்து வாரக்கணக்கில் நடத்தியது. வீட்டில் தனியாகச் செய்து பார்க்கிற விஷயம் அல்ல.

கல்தூண் எழுதியது:

இழையின் தலைப்பிலேயே எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. மன்னிப்பது எப்படி என்று தொடங்கினால், மன்னித்தே ஆகவேண்டும் என்று ஆகிவிடுகிறது. வீட்டுக்குள் வன்முறை செய்தவர், பிள்ளையைச் சீரழித்தவர், இவர்கள் இறந்தவுடன் சுற்றியிருப்பவர்கள் செய்யும் முதல் வேலை பாதிக்கப்பட்டவர் மேல் பாய்வதுதான். "செத்தவர் மேல் என்ன கோபம்", "கடவுள் பார்த்துக்கொள்வார்", "நீ மன்னித்தால்தான் அவர் ஆன்மா சாந்தியடையும்". இந்த மூன்றாவது வாக்கியம் மிகக் கொடியது. இறந்தவரின் நிம்மதிப் பொறுப்பையும் அடிபட்டவர் தலையிலேயே ஏற்றுகிறது.

குடும்பச் சமரசத்தில் நாங்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு: சடங்கு நாட்களில் யாரும் யாரையும் மன்னிக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது. துக்க வீட்டுக்கு வர விருப்பமில்லாதவர் காரணம் சொல்லத் தேவையில்லை. "வர இயலவில்லை" போதும். இரங்கல் வார்த்தையில் இறந்தவரைப் புகழ முடியாதவர் "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்று உயிரோடிருப்பவரைப் பார்த்துச் சொல்லலாம். அதில் பொய் இல்லை.

நெடுவழி எழுதியது:

கல்தூண் ஐயா, முழுக்க ஒத்துக்கொள்கிறேன். என்ரைட் தன் முறையை நான்கு கட்டமாகப் பிரித்தபோது முதல் கட்டமாகக் கோபத்தை வெளிக்கொணர்வதையும் இரண்டாவதாக முடிவெடுப்பதையும் வைத்தார். முடிவு என்றால் வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம்.

மன்னிக்காதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அதை நாங்கள் கணக்கு முடிப்பது என்போம். நடந்தது தவறு, அது என் தவறு அல்ல, அதற்கு ஈடு இனி கிடைக்காது. இந்த மூன்றையும் ஒருவர் தயங்காமல் சொல்ல முடிந்தால், நடந்ததை ஐந்து வாக்கியத்தில் சொல்லிவிட்டு அன்றைய வேலைக்குத் திரும்ப முடிந்தால், அவருக்கு மன்னிப்பு கட்டாயம் இல்லை. மன்னிக்காமலும் நன்றாக வாழ முடியும்.

மன்னிக்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் சான்று சொல்கிறேன். வொர்திங்டனின் முறைக்கு ஐந்து படி: காயத்தை நினைவுகூர்வது, எதிராளியின் நிலையை உணர முயல்வது, மன்னிப்பைக் கொடையாகத் தருவது, அந்த முடிவுக்கு உறுதி பூணுவது, சந்தேகம் வரும்போதும் அந்த முடிவைப் பிடித்துக்கொண்டு நிற்பது. இதைத் தனியாகச் செய்யும் பயிற்சித் தாளாக்கி 5 நாடுகளில் 4,598 பேரிடம் சோதித்து 2024இல் முடிவு வெளியிட்டார்கள். மன்னிக்காத மனநிலை, மனச்சோர்வு, பதற்றம் மூன்றும் குறைந்தன. பயிற்சித் தாளை முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம். இறந்தவரையே மையமாக வைத்த சோதனை அல்ல அது, அதை மறந்துவிடக் கூடாது.

பாதைவிளக்கு எழுதியது:

நம்பிக்கை பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. இழப்பில் இருக்கும் விசுவாசிக்கு இன்னொரு கோபமும் இருக்கும்: கடவுள் மேல். இதைத்தான் வெளியே சொல்ல மாட்டார்கள். "என்னால் முன்புபோல் கும்பிட முடியவில்லை", "ஜெபத்தில் மனம் நிற்கவில்லை", "தொழுகையில் வார்த்தை வெறுமையாக இருக்கிறது" என்று சுற்றி வளைத்து வரும். கேட்கிறவர் உடனே சமாதானம் சொன்னால் அதோடு வாய் மூடிக்கொள்ளும்.

சமயப் பணியாளர்கள் தவிர்க்க வேண்டிய வாக்கியங்கள் சில. "எல்லாம் நன்மைக்கே." "கடவுளுக்கு அவர் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்." "தாங்க முடியாததைத் தர மாட்டார்." கடைசி வாக்கியம், தாங்க முடியாமல் இருக்கிறவரிடம் உன் விசுவாசம் குறைவு என்று சொல்வதாக முடிகிறது.

கென்னத் பார்கமென்ட் குழுவினர் சமயம் வழியாகத் துயரைச் சமாளிப்பதை அளக்க 14 கேள்விகள் கொண்ட ஒரு சிறிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஏழு நல்ல வழிகளுக்கு, ஏழு போராட்டத்துக்கு. கடவுள் என்னைக் கைவிட்டாரா, என் பாவத்துக்குத் தண்டனையா, அவர் என்னை நேசிக்கிறாரா என்ற ஐயங்கள் இரண்டாவது வகை. 55 வயதுக்கு மேற்பட்ட 596 மருத்துவமனை நோயாளிகளை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இரண்டாவது வகைப் போராட்டம் இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. இதைக் காட்டி யாரையும் பயமுறுத்தக் கூடாது. கேள்வி வருவது நோய் இல்லை. கேள்வியை யாரிடமும் கேட்க முடியாமல் அதிலேயே கிடப்பதுதான் கவலைக்குரியது.

செய்யக்கூடியது இது. முறையிடுவதையும் வழிபாட்டுக்குள்ளேயே வையுங்கள். கண்பார்வை இழந்த சுந்தரர் ஆரூர் இறைவனைப் பார்த்து "வாழ்ந்து போதீரே" என்று கடிந்து பாடியது ஏழாம் திருமுறையில் அப்படியே இருக்கிறது. யாரும் அதை நீக்கவில்லை. விவிலியத்தின் 88ஆம் சங்கீதம் ஆறுதல் வரி எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதமாகவே வாசிக்கப்படுகிறது. முறையீடு வழிபாட்டுக்கு வெளியே இருந்து வந்ததல்ல. நடைமுறையில், வழக்கமான வழிபாட்டை நிறுத்தச் சொல்வதும் இல்லை, முழுதாகச் செய்யக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. மிகச் சிறிய ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வோம், ஐந்து நிமிடத்துக்கு மிகாமல். அதில் பாதி நேரம் முறையீடாகவே போகட்டும். சொல்ல வார்த்தை இல்லையென்றால் சும்மா உட்காரலாம். கூட்டு வழிபாட்டுக்குப் போக மனமில்லாதவர் கடைசியில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, விசாரிப்புகள் தொடங்குமுன் கிளம்பிவிடலாம். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பிறரை மன்னிக்கும் வேலையைக் கடவுளிடம் ஒப்படைக்கிறேன் என்று சொல்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்போம்: எதை ஒப்படைக்கிறீர்கள்? நெடுவழி சொன்ன கணக்கெடுப்பு முடியாமல் ஒப்படைத்தால் மூடிய பையைக் கொடுத்தது போல. உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது.

செங்காந்தள் எழுதியது:

நான் எழுத நினைத்தது தன்னைத் தானே மன்னிப்பது பற்றி. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இறந்தவர் மேல் இருக்கும் கோபத்தைவிடத் தன் மேல் இருக்கும் கோபம் பல மடங்கு. "முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கணும்." "வென்டிலேட்டர் வேண்டாம்னு கையெழுத்து போட்டது நான்தான்." "அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போயிட்டேன்."

"உங்கள் மேல் தவறில்லை" என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இரண்டு பயிற்சிகள் இருக்கின்றன. முதலாவது, முடிவெடுத்த நேரத்தின் தாள். ஒரு குறிப்பிட்ட முடிவை மட்டும் எடுத்து, அந்த மணி நேரத்தில் எனக்குத் தெரிந்தது என்ன, மருத்துவர் சொன்னது என்ன, கையில் இருந்த வழிகள் எத்தனை, நான் எத்தனை மணி நேரம் தூங்கியிருந்தேன் என்று எழுதுவது. பிறகு தெரியவந்த எதையும் அதே தாளில் எழுதக் கூடாது, வேறு நிற மையில் பின்பக்கம் எழுத வேண்டும். முடிவு தெரிந்த பிறகு, முன்பே தெரிந்திருந்தது போலத் தோன்றுவது மனத்தின் பொதுவான சாய்வு. பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975இலேயே இதைச் சோதனையில் காட்டியிருக்கிறார். பின்பக்கம் நிரம்பி முன்பக்கம் மெலிந்திருப்பதைக் கண்ணால் பார்க்கும்போது வாதம் தேவைப்படாது.

இரண்டாவது, பொறுப்பு வட்டம். ஒரு வட்டம் வரைந்து, இறப்புக்குக் காரணமான அனைத்தையும் பங்கு போடுவது: நோயின் வேகம், வயது, தாமதமான பரிசோதனை, நோயாளியே மறுத்தது, மருத்துவ முறைகளின் எல்லை, மற்ற உறவினர்கள். ஒரு விதி உண்டு: தன் பங்கைக் கடைசியாகத்தான் எழுத வேண்டும். முதலில் எழுதினால் அதுவே வட்டம் முழுக்க நிறைந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது பூஜ்யமாகவும் இருக்க வேண்டியதில்லை. பத்தில் ஒரு பங்கு மிஞ்சினால் அந்த ஒரு பங்குக்கு மட்டும் வருந்தலாம், அதற்கு ஏதாவது செய்யலாம்.

இன்னும் உயிரோடு இருக்கிறவரிடம் பேச வாய்ப்பிருப்பவர்களுக்கு ஒன்று: நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். கடைசி நாட்களில் பெரும்பாலான நேரம் தூக்கத்திலேயே போகும். காலையில் வலி மருந்து கொடுத்து, வலி அடங்கி, மயக்கம் வருமுன் கிடைக்கும் இடைவெளி எப்போது என்று செவிலியரிடம் கேளுங்கள். பத்து நிமிடம் போதும். பதில் எதிர்பார்த்துக் கேள்வியாகப் பேசாதீர்கள், நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லி நிறுத்துங்கள். நினைவற்றுக் கிடந்தாலும் பேசலாம். இறுதி நேரத்தில் பதில் தராத சில நோயாளிகளின் மூளை ஒலிக்கு எதிர்வினை காட்டியதை 2020இல் கனடாவில் பதிவு செய்திருக்கிறார்கள். புரிந்துகொண்டார்களா என்பதை அது சொல்லவில்லை.

மழைத்துளி எழுதியது:

அக்கா, கூடப் பிறந்தவங்க பிரச்சினையையும் யாராவது எழுதுங்களேன். சாவுக்குப் பிறகு அதுதான் நிறைய வீட்டுல வெடிக்குது. பார்த்துக்கிட்டவங்க ஒரு பக்கம், பணம் அனுப்பினவங்க ஒரு பக்கம்.

கல்தூண் எழுதியது:

அது என் பகுதி. சொத்துப் பேச்சும் துக்கப் பேச்சும் ஒரே நாளில் ஒரே அறையில் நடக்கக் கூடாது. இது ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதிச் சண்டை குறையும். பணம் பேசும் கூட்டத்தில் "நீ அம்மாவைப் பார்க்க வந்தாயா" என்ற வரி வந்த நொடியில் இரண்டும் கெட்டுவிடும்.

பார்த்துக்கொண்டவர் பெரும்பாலும் கேட்பது பணம் அல்ல, ஒப்புதல். "இத்தனை ஆண்டு நீ இரவில் எழுந்தாய், நான் எழவில்லை" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தூரத்தில் இருந்தவருக்கும் ஒரு துக்கம் இருக்கிறது: கடைசி ஆண்டுகளின் நினைவுகள் அவரிடம் இல்லை. அதை யாரும் துக்கமாகவே எண்ணுவதில்லை.

மன்னிப்புக் கேட்பதற்கு உறுப்புகள் இருக்கின்றன. ராய் லெவிக்கி குழு 2016இல் ஆறு உறுப்புகளைச் சோதித்தது: வருத்தம் தெரிவிப்பது, விளக்கம், பொறுப்பேற்பது, இனிச் செய்யமாட்டேன் என்பது, ஈடுசெய்ய முன்வருவது, மன்னிக்கக் கோருவது. எதிரில் இருப்பவர் மனத்தில் அதிக எடை பெற்றது பொறுப்பேற்பு, அடுத்து ஈடு. மிகக் குறைந்த எடை "என்னை மன்னித்துவிடு" என்ற கோரிக்கைக்கு. நம் குடும்பங்களில் பெரும்பாலும் அந்தக் கடைசி ஒன்று மட்டும்தான் நடக்கிறது, அதுவும் அழுகையோடு, பத்துப் பேர் முன்னால். எதிரில் இருப்பவர் மறுக்கவே முடியாத நிலை.

ஒரு எடுத்துக்காட்டு வடிவம்: "அப்பா படுத்திருந்த இரண்டு ஆண்டில் நான் மூன்று முறைதான் வந்தேன். உன்னிடம் சுமையை விட்டுவிட்டேன். அது என் தவறு. இப்போது அம்மாவுக்கு மாதத்தில் ஒரு வாரம் நான் வந்து இருக்கிறேன், தேதி இவை. நீ இப்போது பதில் சொல்ல வேண்டாம்." இதில் "ஆனால்" இல்லை, "உனக்கு அப்படித் தோன்றியிருந்தால்" இல்லை. வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போடக் கூடாது. தனியாக, முடிந்தால் நேரில். தேதி கொடுத்துவிட்டு முதல் மாதமே தவறினால் மன்னிப்புக் கேட்காமலேயே இருந்திருக்கலாம் என்ற நிலைக்கு வந்துவிடும். ஆகவே செய்ய முடிந்ததில் பாதியை மட்டும் வாக்களியுங்கள்.

செங்காந்தள் எழுதியது:

குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாக. சின்னப் பிள்ளைகள் தாங்கள் கோபத்தில் நினைத்ததோ சொன்னதோதான் சாவுக்குக் காரணம் என்று நம்பக்கூடும். கேட்காமலே சொல்லிவிடுங்கள்: "நீ நினைத்ததால், சொன்னதால் இது நடக்கவில்லை." தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லாதீர்கள், தூங்கவே பயப்படும், வாசலில் காத்திருக்கும். பெரியவர்களின் பழைய சண்டையில் பிள்ளையைத் தூதாக்கவும் வேண்டாம்.

எப்போது உதவி தேட வேண்டும் என்பதையும் குறித்துவிடுகிறேன். நீடித்த துக்கக் கோளாறு என்பது இப்போது முறையான நோய்ப்பெயர். உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு குறைந்தது 6 மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022 கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம், பிள்ளைகளுக்கு 6 மாதம் என்கிறது. கடுமையான ஏக்கம் நாள்தோறும், கூடவே நம்பமுடியாமை, கசப்பு, மரத்துப்போதல், வாழ்வில் பொருளின்மை போன்றவை சேர்ந்து அன்றாட வேலை நின்றுபோனால் அதற்கென்றே சிகிச்சை இருக்கிறது. கேதரின் ஷியர் உருவாக்கியது 16 அமர்வு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மாதக் கணக்கு எதுவும் பார்க்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தனியாக இருக்கவும் விடக் கூடாது.

மழைத்துளி எழுதியது:

கடைசியா ஒண்ணு. இதுவரைக்கும் பேசினது அவங்க நமக்குச் செஞ்ச தப்பு. நாம அவங்களுக்குச் செஞ்ச தப்புக்கு, மன்னிப்புக் கேக்க ஆளே இல்லாதப்ப என்ன செய்யறது?

பாதைவிளக்கு எழுதியது:

இதற்குப் பழைய மரபுகளில் தெளிவான விதிகளே இருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தொகுத்த சட்டப்படி, மன்னிப்புக் கேட்குமுன் எதிராளி இறந்துவிட்டால், பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குப் போய் அவர்கள் முன்னால் தவறைச் சொல்ல வேண்டும். பணம் தரவேண்டியிருந்தால் வாரிசிடம் கொடுக்க வேண்டும். இஸ்லாமியச் சட்டத்தில் இறந்தவர் பட்ட கடன், சொத்துப் பங்கீட்டுக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டியது. சாவோடு கணக்கு முடிந்தது என்று இவை விட்டுவிடவில்லை. இந்த விதிகளில் இரண்டு கூறுகளை எந்த நம்பிக்கையில் இருப்பவரும், நம்பிக்கை இல்லாதவரும் எடுத்துக்கொள்ளலாம்: சாட்சியின் முன் வாய்விட்டுச் சொல்வது, திருப்பித் தர முடிந்ததைத் தருவது.

சாட்சிக்குப் பத்துப் பேர் வேண்டாம், வெளியே சொல்லாத ஒருவர் போதும். செய்த தவறைப் பெயர் சொல்லி, காரணம் சேர்க்காமல், இரண்டு மூன்று வாக்கியத்தில். கேட்பவர் உடனே "பரவாயில்லை" என்று சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

கல்தூண் எழுதியது:

திருப்பித் தருவதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். அவரிடம் வாங்கி ஒளித்த பணமோ பொருளோ இருந்தால் அது வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ தருமமாகக் கொடுத்துக் கணக்கை நேர்செய்ய முடியாது. எழுத்தில், தொகையும் ஆண்டும் குறிப்பிட்டு, வாரிசுகள் எல்லோருக்கும் தெரிய ஒப்படையுங்கள். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் அடுத்த சண்டை அங்கே தொடங்கும். தொகை பெரிதென்றால் தவணை சொல்லலாம். பொருளை விற்றுவிட்டீர்கள் என்றால் விற்ற விலையா இன்றைய விலையா என்பதை வாரிசுகள் முடிவு செய்யட்டும், நீங்கள் செய்யாதீர்கள். அனுப்பாத கடிதம் எழுதுவது இதையெல்லாம் முடித்த பிறகு.